நம் நாட்டில் வசந்த காலம் எந்த மாதம்? – புல்தரைக்கு உரமிடும் நாட்காட்டியின் வரலாறு



சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரு வாரங்களுக்கு முன்னர் எங்கள் பள்ளித் திடலில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் துப்புரவுப் பணி ஒன்றை நடத்தினர். புல் ஆங்காங்கே மஞ்சள் பூத்துக் கிடந்தது. அதைக் கண்டு மனம் பொறாத ஒரு தந்தை, தம் சொந்தச் செலவில் ஐம்பது கிலோ உர மூட்டைகள் இரண்டை வாங்கி வந்து திடல் முழுவதும் தூவினார். மறுநாள் பிற்பகல் கொட்டித் தீர்த்தது மழை. அதற்கடுத்த நாளும் அப்படியே. இரு வாரம் கழித்துப் பார்த்தபோது புல் முன்போலவே வெளிறிக் கிடந்தது. திடலையொட்டிய கால்வாயில் தேங்கிய நீரில் மட்டும் பாசி பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது!

அந்தத் தந்தை வருத்தத்தோடு என்னிடம் வந்தார். மூட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த ஆங்கிலக் குறிப்பைத் தம் மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வசந்த காலத் தொடக்கத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் இடுக என்று அதில் இருந்ததாம். "நம் நாட்டில் வசந்த காலம் எந்த மாதம் ஐயா?" என்று அவர் கேட்டார். உடன் நின்ற ஆசிரியர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் ஒரு நாட்டில், பனி பெய்யும் நாட்டின் நாட்காட்டி எப்படி வந்து சேர்ந்தது? அந்த நாட்காட்டியை வகுத்தவர் யார்? இக்கேள்விகளைத் தொடர்ந்து படித்ததில், பனி பெய்யும் நாடுகளிலேயே அதற்கான விடை ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று முறை மாறியிருப்பது தெரிய வந்தது. அவ்வரலாற்றையே இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

புல்தரைக்கு உரமிட வேண்டும் என்னும் எண்ணமே மிகப் பழையதன்று. இங்கிலாந்தின் பெருஞ்செல்வர் மாளிகைகளைச் சுற்றியிருந்த புல்வெளிகளை ஆடுகள் மேய்ந்தன. மேய்ந்த இடத்திலேயே புழுக்கையும் இட்டன. மாளிகையை ஒட்டிய பகுதியை மட்டும் ஆட்கள் நீண்ட பிடியுடைய அரிவாளால் அரிந்து சீராக்கினர். மண்ணிலிருந்து புல் எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதி ஆட்டின் வயிற்றின் வழியாக மீண்டும் மண்ணுக்கே சென்றது. எப்போது உரமிடுவது என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சுழற்சியை உடைத்தது ஓர் இயந்திரம். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதி கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக வெட்டும் பொறியை அங்கே கண்ட எட்வின் பட்டிங் என்பவர், அதே முறையில் புல்லையும் வெட்டலாமே என்று எண்ணினார். 1830இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆடு வைத்திருக்காதவரும் ஆள் வைத்திருக்காதவரும் இனிப் புல்தரை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஆயின், வெட்டிய புல்லை வாரி வெளியே கொட்டும் பழக்கமும் கூடவே வந்தது. ஒவ்வொரு முறை வாரும்போதும் மண்ணின் சத்தில் ஒரு பங்கு வீட்டை விட்டு வெளியேறியது. (வெட்டிய புல்லைத் தரையிலேயே விட்டுவிட்டால் அதிலுள்ள தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் இன்றும் அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பை வண்டிக்கு அனுப்பிவிட்டு, அதே வாரத்தில் உரம் வாங்கக் கடைக்குச் செல்கிறோம்.)

அக்காலத்திலேயே செயற்கை உரமும் பிறந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் நிலம் வைத்திருந்த ஜான் பென்னட் லாஸ் 1842இல் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் வேதியியலார் அவரோடு இணைந்தார். இருவரும் 1856இல் ஒரு பழைய புல்வெளியைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரம் இட்டனர். வைக்கோலுக்கான புல் எந்த உரத்தால் மிகுதியாக விளையும் என்று காண்பதே அவர்கள் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அவர்கள் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. தழைச்சத்து இட்ட துண்டுகளில் புல்வகைகள் ஓங்கி, பிற செடிகள் அருகின. தழைச்சத்து இன்றி மணிச்சத்தும் சாம்பல் சத்தும் பெற்ற துண்டுகளில் அவரைக் குடும்பச் செடிகள் பெருகின. ஒன்றுமே இடாத துண்டுகளில்தான் செடிவகைகள் மிகுதியாக நிலைத்தன. உரம் என்பது புல்லுக்கு ஊட்டும் உணவு மட்டுமன்று, அந்நிலத்தில் யார் வாழ்வது, யார் வெளியேறுவது என்பதையே அது முடிவு செய்கிறது. 'பார்க் கிராஸ்' எனப்படும் அச்சோதனை இன்றும் தொடர்கிறது. ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் 'மாறி' என்னும் சொல்லை விளக்கத் தடுமாறும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனாலும் தழைச்சத்து அந்நாளில் விலை உயர்ந்த பொருள். பெரு நாட்டுத் தீவுகளிலிருந்து பறவை எச்சத்தையும், சிலி நாட்டிலிருந்து வெடியுப்பையும் கப்பலில் கொண்டுவர வேண்டியிருந்தது. ஃபிரிட்ஸ் ஹேபர் என்னும் ஜெர்மானிய வேதியியலார் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அமோனியா செய்ய முடியும் என்று 1909இல் காட்டினார். 1913இல் ஓப்பாவ் நகரில் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. அந்த அமோனியாவே வெடிமருந்துக்கும் மூலப்பொருள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், வெடிமருந்துக்காக அமெரிக்காவில் எழுப்பிய ஆலைகள் பல உரம் செய்யத் திரும்பின. மலிவான உரம் மலைபோல் குவிந்தது. அதை இட ஓர் இடம் வேண்டுமே!

அந்த இடங்களுள் ஒன்றாக வீட்டுப் புல்தரை அமைந்தது. 1947 முதல் 1951 வரை நியூயார்க்கின் லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த நிலத்தில், லெவிட் நிறுவனத்தார் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினர். லெவிட்டவுன் எனப்படும் அக்குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புல்தரை உண்டு. அதை வெட்டிப் பேணுவது வீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட கடமை. அவ்வீடுகளைக் கறுப்பின மக்களுக்கு விற்க மறுத்தனர் என்பதையும் சொல்லாமல் விடுவது முறையன்று. பசும்புல் என்பது நல்ல குடும்பத்தின் அடையாளமாகவும், யார் அண்டை வீட்டார் ஆகலாம் என்பதன் எல்லைக் கோடாகவும் ஆயிற்று.

எப்போது உரமிடுவது என்னும் கேள்விக்கு முதல் விடை கிடைத்தது இந்தக் காலத்தில்தான்: வசந்த காலத்தில்! ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் 1868இல் ஓ. எம். ஸ்காட் தொடங்கிய விதை வணிகம், 1928இலேயே வீட்டுப் புல்தரைக்கென்று 'டர்ஃப் பில்டர்' என்னும் உரத்தை விற்கத் தொடங்கியிருந்தது. போருக்குப் பின் அத்தகைய பைகள் நாடெங்கும் பெருகின. பனி உருகியதும் மக்கள் வீட்டை விட்டு வெளியே வருகின்றனர். பழுப்பேறிய புல்லைக் காண்கின்றனர். கடைவாசலில் உரப்பை அடுக்கியிருக்கிறது. ஒரு வாரத்தில் புல் கரும்பச்சையாகிறது. வாங்கியவருக்கும் மகிழ்ச்சி, விற்றவருக்கும் மகிழ்ச்சி. புல்லுக்கு மகிழ்ச்சிதானா என்பதை ஒருவரும் பெரிதாகக் கேட்கவில்லை. வசந்த காலம் என்னும் விடையைப் புல்லைவிடக் கடையே மிகுதியாக வகுத்தது என்பது என் கருத்து.

புல்லின் கணக்கு வேறாக இருந்தது. வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வளர்க்கப்படும் கென்டக்கி புளூகிராஸ் முதலியவை (பெயரில்தான் கென்டக்கி, பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்தது அது) குளிர்காலப் புல்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் இலைகள் ஏறத்தாழ 15 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளரும். வேர்களுக்கோ மண்ணின் வெப்பம் 10 முதல் 18 பாகை இருந்தால் போதும். வசந்த காலத்தில் இலை தானாகவே விரைந்து வளர்கிறது. அவ்வேளையில் தழைச்சத்தையும் அள்ளிக் கொடுத்தால், புல் தன் சேமிப்பையெல்லாம் இலைக்கே செலவழித்துவிடுகிறது. வேர் ஆழமாக இறங்குவதில்லை. வாரம் இருமுறை வெட்ட வேண்டியதாகிறது. கோடை வெயில் வந்ததும் புல் வாடுகிறது, பூஞ்சை நோய் பிடிக்கிறது.

1967இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த பவல், பிளேசர், ஷ்மிட் என்னும் மூன்று ஆய்வாளர்கள் இரண்டாவது விடைக்கு வித்திட்டனர். இலையின் வளர்ச்சி நின்றுபோன குளிர் நாள்களிலும் பென்ட் புல்லின் வேர் வளர்வதை அவர்கள் எடுத்துக்காட்டினர். இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் தழைச்சத்து இட்டால் புல் அதைச் சேமித்துக்கொள்ளும், வசந்தத்தில் அளவோடு பசுமை காட்டும் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. வேளாண் விரிவாக்க அலுவலர்கள் இதை மக்கள் நினைவில் நிறுத்தப் பண்டிகை நாள்களைப் பயன்படுத்தினர். மே மாதத்து நினைவு நாள், செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாள், நவம்பரில் நன்றி நவிலும் நாள் என்று விடுமுறைகளோடு சேர்த்து உரமிடச் சொன்னார்கள். மாணவர்க்குப் பாடம் சொல்லும் நமக்கு இந்த உத்தி வியப்பைத் தராது.

இரண்டாவது விடையும் நிலைக்கவில்லை. தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் எதிர்மின்னூட்டம் உடையது. களிமண் துகள்களும் எதிர்மின்னூட்டம் உடையவை. எனவே அது மண்ணில் ஒட்டிக்கொள்ளாமல், வேர் உறிஞ்சாத பொழுது நீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடுகிறது. கனெக்டிகட் மாநிலத்தில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வெவ்வேறு நாள்களில் புல்லுக்கு உரமிட்டு, மண்ணின் வழியே வடியும் நீரைச் சேகரித்து அளந்தனர். 2006இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, உரமிடும் நாள் தள்ளிப்போகப் போக வடிந்துபோகும் நைட்ரேட்டும் கூடியது. நவம்பரில் இடுவது புல்லுக்கு நல்லது என்று நம்பியதில் ஒரு பங்கு, கிணற்றுக்கும் கடலுக்கும் இட்ட உரமாக முடிந்திருக்கிறது.

மூன்றாவது விடை சட்டமன்றங்களில் பிறந்தது. மினசோட்டா 2002இல், ஏரிகளில் பாசி படர்வதைக் குறைக்க, வீட்டுப் புல்தரைகளில் மணிச்சத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. நியூயார்க்கில் 2012 முதல் டிசம்பர் 1இலிருந்து ஏப்ரல் 1 வரை புல்தரைக்கு உரமிடுவதற்குத் தடை. செசபீக் விரிகுடாவைக் காக்க மேரிலாந்து இயற்றிய சட்டம் 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை வீட்டார் உரமிடலாகாது, பெருமழை எதிர்பார்க்கப்படும் நேரத்திலும் இடலாகாது. எப்போது இடுவது என்று கேட்ட காலம் போய், எப்போது இடக்கூடாது என்று கேட்கும் காலம் வந்தது. நீர்நிலைகளின் கேட்டுக்கெல்லாம் வீட்டுப் புல்தரையே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 2014 ஆகஸ்டில் ஒஹையோவின் டொலிடோ நகர மக்கள், ஈரி ஏரியில் படர்ந்த நச்சுப் பாசியால், குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டபோது, வயல்களிலிருந்து வந்த மணிச்சத்தே அதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. ஆயினும் வயலில் நெல்லோ சோளமோ விளைகிறது. புல்தரையில் விளைவது என்ன?

இவ்வளவும் பனி பெய்யும் ஊர்க் கதை. நமக்கு நெருக்கமான கதை ஃபுளோரிடாவினுடையது. அங்கு வளரும் செயின்ட் அகஸ்டின் போன்றவை நம் புல்லைப் போலவே வெப்பமண்டலப் புல்வகைகள். மழைக்காலமும் கோடைக்காலமும் அங்கே ஒன்றாகவே வருகின்றன. 2007இல் சரசோட்டா மாவட்டம், ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை புல்தரைக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் இடக்கூடாதெனத் தடை விதித்தது. 2010இல் பினெல்லஸ் மாவட்டம் ஒரு படி மேலே சென்று, அம்மாதங்களில் அவ்வுரங்களைக் கடையில் விற்பதையும் தடுத்தது. மழை அடித்துச் சென்றுவிடும் என்பது அவர்கள் வாதம். இதை எதிர்த்தவர்களுள் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர் சிலரும் இருந்தனர். மழைக்காலத்தில்தான் புல் மிக விரைந்து வளர்கிறது, அப்போது அளவோடு இட்டால் பெரும்பகுதியை வேரே உறிஞ்சிக்கொள்ளும், உறங்கும் குளிர்காலத்தில் இடுவதே கேடு என்றனர் அவர்கள். 2023இல் மாநிலச் சட்டமன்றம் புதிய தடைகளை ஓராண்டுக்கு நிறுத்திவைத்து, ஆய்வுக்கு நிதி ஒதுக்கியது. இரு தரப்பிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வேர் பசித்திருக்க வேண்டும், அதே வேளையில் வானம் பொறுத்திருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே அமையும் நாள்கள் சிலவே.

இதைப் படித்தபோது என் தாயார் நினைவுக்கு வந்தார். அவர் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் குழுவில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் மண்டோர் வானத்தை நிமிர்ந்து பார்ப்பார். இருட்டிக்கொண்டு வந்தால் உரம் இறங்காது, புல்வெட்டவோ வேறு வேலைக்கோ பிரித்து விடுவார்கள். அடைமழை மாதங்களில் உரம் போடும் வேலையே இராது. நல்ல நாளில், பாதையோரம் இறக்கிய மூட்டைகளிலிருந்து வாளியில் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, மரத்துக்கு இத்தனை குவளை என்று அளந்து, அடிமரத்தைச் சுற்றி வீசிக்கொண்டே நடக்க வேண்டும். மாலையில் அவர் கை விரல்கள் வெடித்திருக்கும். சோறு பிசையும்போது எரியும் என்பதால் கரண்டியால் உண்பார். எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்ட நாள்களில், "இன்னைக்குக் கூலி நமக்கு, உரம் ஆத்துக்கு" என்பார். கனெக்டிகட்டில் குழாய் பதித்து அளந்ததை அவர் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார். ஆனால் லயத்து வீட்டு வாசலில் எங்களுக்குப் புல்தரை கிடையாது. உரமிடும் காலத்தை அறிந்திருந்த தலைமுறைக்குப் புல்தரை இல்லை. தாமான் வீட்டில் புல்தரை வாய்த்த நமக்கோ அந்த அறிவு இல்லாமல் போயிற்று.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் பெரும்பாலும் வளர்வது, நாம் 'கவ் கிராஸ்' என்று சொல்லும் அகன்ற இலைப் புல். அதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததே. அதற்குக் குளிர்கால உறக்கம் இல்லை. ஆகவே வசந்தமும் இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. நமக்குள்ள பருவங்கள் மழையினுடையவை. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சத்தில் இருக்கும். பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் பொதுவாக வறண்டவை. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழை. இதை வைத்துப் பார்த்தால், மேற்குக் கரையில் இருப்போர்க்கு வறட்சி முடிந்து இளமழை தொடங்கும் மார்ச் மாதத்து நடுப்பகுதியும், ஆகஸ்டுக்கும் செப்டம்பர் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நாள்களும் ஏற்றவை என்பேன். நாம் வழக்கமாக உரமிடுவதோ தீபாவளிக்கு வீட்டை அழகுபடுத்தும்போது! அது மேற்குக் கரையில் மழை உச்சம் பெறும் காலம். புல்லின் நோக்கில் தைப்பூசத்துக்குப் பின் ஒரு மாதம் பொறுத்திருப்பது எவ்வளவோ மேல்.

இலை காய்ந்திருக்கும் காலை வேளையில் தூவி, உடனே மெல்லிய நீர் தெளிக்க வேண்டும். யூரியாவை வெயிலில் அப்படியே விட்டால் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் கலந்துவிடும், இலையும் கருகும். அமெரிக்காவில் ஒரு முறைக்குரிய வழக்கமான அளவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் தழைச்சத்து. நம் வெட்டவெளி மழைக்கு அதில் பாதியைப் பிரித்துப் பிரித்து இடுவதே தகும் என்பது என் எண்ணம்.

இவ்வாண்டு மார்ச் மாதத்தில் அதே தந்தை மீண்டும் வந்தார். உரமிடுவதற்கு முன் அந்தக் கணக்கை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தேன். எங்கள் சிறு திடலின் நீளம் 40 மீட்டர், அகலம் 25 மீட்டர். பையில் 15-15-15 என்று இருந்தது. அதாவது நூறு கிலோவில் தழைச்சத்து 15 கிலோ. சதுர மீட்டருக்கு 2.5 கிராம் என்றால் மொத்தம் இரண்டரைக் கிலோ தழைச்சத்து வேண்டும். அதற்கு உரம் ஏறத்தாழ 16.7 கிலோ. சென்ற ஆண்டு இட்டதோ நூறு கிலோ. "ஆறு மடங்கு ஐயா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி கத்தினாள். தந்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூட்டையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிரித்துத் தூவினோம். மீதியைக் கட்டிப் பொருள் அறையில் வைத்திருக்கிறோம். மூட்டையின் மேல், வசந்தம் என்று அச்சிட்டிருந்த இடத்தில், அந்தச் சிறுமி கறுப்பு மையால் 'ஆகஸ்டு' என்று எழுதியிருக்கிறாள்.